மேடேறாத வண்டியும் மேட்டு வீட்டு நாத்தனாரும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. நான் நலம், முழங்காலைத் தவிர. நீ நலமாகத்தான் இருப்பாய். அக்காவை ஏமாற்றியவனுக்கு என்ன குறைச்சல்? உன் பட்டறை நல்லபடி நடக்கட்டும். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய வண்டி வந்து சேர்ந்தது. அது நான் கேட்ட வண்டி இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சிக்னல் இல்லைக்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம், பேசாமல் படி.

வண்டி எதற்குக் கேட்டேன் என்பது உனக்கு மறந்திருக்கும். எனக்கு எதுவும் மறக்காது. என் மகன் கல்யாணத்தில் எல்லோரும் போட்டோவுக்கு நின்றபோது என் நாத்தனார், "அண்ணி, நீங்க நின்னா பின்னாடி ரெண்டு பேர் காணாமப் போறாங்க, உட்காருங்க" என்றாள். சபையே சிரித்தது. நீயும் சிரித்தாய், புரையேறுகிறவரை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறேன். அவள் வீடோ எங்கள் தெருவுக்குப் பின்னால் மேட்டின் உச்சியில் இருக்கிறது, பாதையெல்லாம் கல்லும் குழியும். மூச்சு வாங்க நடந்து போய்ச் சொன்னால் அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. வண்டியில் ஜம்மென்று அவள் வாசலில் போய் நின்று, "உட்காரச் சொன்னியே, உட்கார்ந்தே வந்துட்டேன் பார்" என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் கண்ணை மூட மாட்டேன் என்றேனா இல்லையா? நீதானே, "அதுக்கு பக்கி வண்டிதான்க்கா சரி. கல்லு, மணல், குழி எல்லாம் ஏறும். நானே செஞ்சு அனுப்பறேன்" என்றாய்?

வந்தது கோ-கார்ட், வழுவழுத் தரையில் பந்தயம் ஓட்டுகிற குட்டி வண்டி! லாரிக்காரர் இறக்கி வைத்ததுமே கேட்டேன், "இதோட மேல்பாதி எங்கேப்பா?" "இவ்வளவுதாம்மா வண்டி" என்றார். உனக்குப் போன் போட்டால், "ரெண்டும் ஒண்ணுதான்க்கா. நாலு சக்கரம், கம்பிச் சட்டம், பின்னாடி இன்ஜின்" என்கிறாய். கட்டிலுக்கும் நாலு கால், எருமைக்கும் நாலு கால். நீ எதில் படுத்துத் தூங்குகிறாய்?

மருமகள் செல்போனில் பக்கியின் படம் காட்டினாள். பட்டறைக்காரன் உனக்கு நானே சொல்லித் தருகிறேன், கேட்டுக்கொள். பக்கிக்கு அடிவயிறு தரையைவிட்டு உயரமாக இருக்கும். உன் கோ-கார்ட் தரையில் படுத்துக்கொண்டே போகிறது. பக்கியில் சக்கரத்துக்குச் சக்கரம் ஸ்பிரிங், குழியை அது வாங்கிக்கொள்ளும். இதில் ஸ்பிரிங்கே கிடையாது, குழியை நான்தான் வாங்கிக்கொண்டேன்; எங்கே என்று கடிதத்தில் எழுத முடியாது. பக்கியின் டயர் பெரிது, கட்டை கட்டையாகப் பல் வைத்து மண்ணைக் கவ்வும். இதன் டயர் சாப்பாட்டுத் தட்டு அளவு, குழந்தை கன்னம் மாதிரி வழுவழு. பக்கியில் தலைக்கு மேல் கம்பிக்கூண்டு. இதில் தலைக்கு மேல் வானம்.

சரி, வந்ததை ஏன் விட வேண்டும் என்று ஏறினேன், ஏறினேன் என்பதுகூடத் தப்பு, இறங்கினேன், அவ்வளவு தாழ்வு, மருமகள் ஒரு கையையும் பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஒரு கையையும் பிடித்து உள்ளே இறக்கினதும் முழங்கால் ரெண்டும் காதுகிட்ட வந்துடுச்சு, "வேணாம் அத்தை" என்று அவள் சொல்லும்போதே வலது காலை அழுத்திட்டேன், பாதி மேட்டில் ஒரு கல்மேல் வயிற்றை வைத்து வண்டி உட்கார்ந்துகொண்டது, பின்சக்கரம் சும்மா சுத்துது, மண்ணு மட்டும் பறக்குது, நான் இருந்த இடத்திலேயே இருக்கேன், அப்புறம் கல் நழுவி வண்டி பின்பக்கமாகவே இறங்க ஆரம்பித்தது, தையல்காரர் கொடியில் காயப்போட்டிருந்த பாவாடை ஒன்று என் தலையில் மாட்டி முன்னால் எதுவும் தெரியவில்லை, பின்னால் போகிறவளுக்கு முன்னால் எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன், கடைசியில் தண்ணீர் டிரம்மில் மோதி நின்றேன், டிரம் அப்படியே என்மேல் கவிழ்ந்தது.

மேலே ஒரு சிரிப்புச் சத்தம். யாருடையது என்று சொல்ல வேண்டுமா? மொட்டைமாடியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள்: "அண்ணி, உட்கார்ந்தே குளிச்சிட்டீங்களே!"

நான் சொல்ல வேண்டிய வார்த்தையை அவளே எடுத்துக்கொண்டாளே, தம்பி! இத்தனை காலம் காப்பாற்றி வைத்த பதில் என்ன ஆவது?

ஆகவே இந்தக் கோ-கார்ட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு பக்கியை உடனே அனுப்பு. இல்லையென்றால் உன் வாசலை மிதிக்க மாட்டேன். என் சிலேட்டை உடைத்துவிட்டு நீ பூனைமேல் பழி போட்டதும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பூனைக்கு வலது காதில் மட்டும் கறுப்பு.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு, அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. பிள்ளைகளுக்கு முழு ஆசி. உனக்குப் பாதி ஆசி. மீதி பக்கி வந்த பிறகு.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நாத்தனாரே மேட்டிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "அண்ணி, அதுல நானும் ஒரு ரவுண்டு போகட்டுமா?" என்கிறாள்! தெருமுனைக் குடோன்காரரிடம் கேட்டுக்கொண்டு அவர் முற்றத்துக்குத் தள்ளிப் போனோம். சிமென்ட் தரை. தம்பி, அங்கே இந்த வண்டி பறக்குதுடா! திருப்பத்தில் பின்பக்கம் ஒரு வழுக்கு வழுக்குது பார், வயிறெல்லாம் சிரிக்குது. ஆளுக்கொரு சுற்றாக இருட்டுகிறவரை ஓட்டினோம். "அண்ணி, தூக்கி விடுங்க" என்று அவள் கையை நீட்ட, நான் தூக்கப் போய் அவள்மேலேயே விழ, ரெண்டு பேரும் எழுந்திருக்க முடியாமல் சிரித்துக் கிடந்தோம். அவள் வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. நான் வண்டியில் உட்கார்ந்திருக்க அவள் எதிரே நிற்க, அத்தனை சுற்று ஓடியும், அந்தப் பதிலைச் சொல்ல மறந்துவிட்டேன். நான், மறந்துவிட்டேன்!

அதனால் பக்கி வேண்டாம். அவளுக்கு இதே மாதிரி இன்னொரு கோ-கார்ட் அனுப்பு, கொஞ்சம் வேகம் குறைத்து. மருமகள் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்த கடைசிச் சுற்றில் நாத்தனார் திருப்பத்தைக் குறுக்கே வெட்டி வந்துவிட்டு, ஜெயித்தேன் என்கிறாள். அதை மட்டும் நான் மறக்கவே மாட்டேன்.