மூன்றாவது கோப்பை

அழைப்புமணி அடித்தபோது ஷிமின் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றிய இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. அதன்மேல் காலண்டரை மாட்டினான். அது போன மாதத்திலேயே கிழிபடாமல் நின்றிருந்தது.

தைவானில் கல்யாணமான இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க அப்போது சட்டம் இடம் தரவில்லை. தனியாளாக இருந்தால் எடுக்கலாம். அதனால்தான் இரண்டு மாதத்துக்கு முன் ஷிமினும் போஹானும் சிரித்துக்கொண்டே விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். தத்தெடுப்பு மையத்தின் கோப்பில் பார்த்த நான்கு வயதுச் சிறுமிக்காக உள்ளறைக்கு மஞ்சள் வண்ணமும் அடித்தார்கள்.

வீட்டைப் பார்வையிட வந்த சமூகநல அதிகாரி சியூ அம்மாள் நேரே குளியலறைக்குப் போனாள்.

"தனியாத்தானே இருக்கீங்க? பிரஷ் ரெண்டு இருக்கு?"

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"வாசல்ல கிடக்கற பெரிய செருப்பு?"

"என்னோடதுதான்."

மாட்டிக்கொண்டு நடந்து காட்டினான். மூன்றாவது அடியில் விழுந்தான்.

"கொஞ்சம் தளர்வா இருந்தாத்தான் எனக்குப் பிடிக்கும்," என்றான், தரையிலிருந்து.

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு மேசையைப் பார்த்தாள். மூன்று கோப்பைத் தேநீர்.

"நாம ரெண்டு பேரு. மூணாவது யாருக்கு?"

"எனக்குத்தான். ரொம்பத் தாகம்."

ஒரே மூச்சில் குடித்தான். காலையிலேயே ஊற்றி ஆறிப்போனது. முகம் கோணியது.

"தம்பி, இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். உள்ள ஒளிஞ்சிருக்கறவரை வரச் சொல்லுங்க. பொய் சொல்றவர் கையில குழந்தையைக் குடுக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன்."

ஷிமின் காலிக் கோப்பையை மேசைமேல் வைத்தான்.

மறுபடி மணி. அடுக்ககத்தின் காவலாளி லியாவ் பார்சலோடு நின்றார்.

"போஹான் பேருக்கு வந்திருக்கு. குழந்தை மழைக்கோட்டுன்னு போட்டிருக்கு."

சியூ அம்மாள் பேனாவை மூடினாள்.

"அந்த போஹான் எங்க ஒளிஞ்சிருக்கார்? கட்டிலுக்கு அடியிலயா?"

லியாவ் அவளைப் பார்த்தார். மேசைமேலிருந்த காலிக் கோப்பையைப் பார்த்தார்.

"அவர் செத்து முப்பது நாளாச்சேம்மா. நாப்பத்தொன்பது நாள் துக்கம் முடியறவரைக்கும் தினம் அவருக்குன்னு ஒரு கப் வைக்கறார் இந்தத் தம்பி, அதையா எடுத்துக் குடிச்சீங்க?"