திட்டினவர்களுக்குத் தாம்பூலம்

பீளமேடு,
திங்கட்கிழமை காலை.

தாராபுரத்தில் பிள்ளைகுட்டிகளோடும் எருமைகளோடும் சீராக இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் சென்னியப்பன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பழனாத்தாளைக் கட்டிய அங்கப்பன் வணங்கி எழுதுவது. அமராவதியில் தண்ணீர் வருவதாகக் கேள்விப்பட்டேன், சந்தோஷம். அக்காவின் முட்டிவலி தேவலையா? இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் போனை எடுத்தால் உங்கள் தங்கை டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள்.

முப்பத்துநான்கு வருஷத்தில் அவளைப் பற்றி ஒரு கடுஞ்சொல் நான் சொன்னதில்லை. முகத்துக்கு நேரேயும் இல்லை, முதுகுக்குப் பின்னாலும் இல்லை. அப்படிப்பட்டவனே சொல்கிறேன், நீங்கள் உடனே பஸ் ஏறி வந்து அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும்.

போன மாதம் டிவிக்காரர்கள் எல்லையில் இன்றைக்குப் போர், நாளைக்குப் போர் என்று முகூர்த்தத் தேதி சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் அல்லவா, அப்போது இவள் ஒரு அட்டையை எடுத்து, முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதின கையால் ‘போர் வேண்டாமுங்க’ என்று முத்து முத்தாக எழுதி எங்கள் பால்கனியில் மாட்டிப்போட்டாள். பஸ்ஸில் போகிற காலேஜ் பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்த்துப் போட்டோ எடுக்கிறார்கள். நானோ இந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். அதுவரை தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட் ரிப்பேருக்கும் மட்டும் இருந்த எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் அவளைத் திட்டிப் பதினோரு செய்திகள். டீச்சரம்மா, டீச்சரம்மா என்று வாய் நிறையக் கூப்பிட்டவர்கள் தேசத்துரோகி என்கிறார்கள், அந்த நாட்டுக்கே மூட்டை கட்டு என்கிறார்கள், வயதான காலத்தில் விளம்பர ஆசை என்கிறார்கள். எதிரிக்கு எதற்கு இந்த ‘ங்க’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு மட்டும் இவள் பதில் போட்டாள்: “எழுதினது நானுங்க. மரியாதை என்னோடதுங்க.”

உடனே, ஞாயிற்றுக்கிழமையே பொதுக்குழுவைக் கூட்டு என்றார்கள். பால்கனியில் துணியைத் தவிர வேறெதுவும் தொங்கக் கூடாது என்று தீர்மானம், அதன்படி போர்டை இறக்கச் சொல்லி என் பெண்டாட்டிக்கே நான் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாம். அப்படி நடந்தால் போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு தினமும் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பேன் என்கிறாள் இவள். மச்சான், கையெழுத்துப் போட்டால் வீட்டில் இருக்க முடியாது, போடாவிட்டால் சங்கத்தில் இருக்க முடியாது. நான் எங்கேதான் போவது?

இதற்கு நடுவில் அவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். பட்டுச்சேலை கட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்துக்கொண்டு, திட்டின பத்து வீட்டுக்கும் படியேறிப் போய், “ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குப் பார்க்கிங்குல கூட்டமுங்க, குரூப்புல எழுதினதை மைக்குல வந்து சொல்லோணும், காப்பி ஏற்பாடு பண்ணியிருக்கறேன்” என்று அழைத்துவிட்டு வந்தாள். போதாததற்கு அவரவர் எழுதினதை அவரவருக்குப் பெரிய எழுத்தில் எழுதித் தட்டிலேயே வைத்துவிட்டாள், கண்ணாடியை மறந்து வந்தால் படிக்கச் சிரமப்படுவார்களாம். நம் பக்கத்தில் தட்டு வைத்து அழைத்த பிறகு போகாமல் இருக்க முடியுமா? பத்துக் குடும்பமும் வந்துவிட்டது. சி பிளாக் பங்காரம்மா, பேரன் அனுப்பினதைப் படிக்காமலே குழுவில் தள்ளிவிட்டவர், எங்களுக்கு மணிவிழா என்று நினைத்து ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பரிசாகச் சுற்றி எடுத்து வந்துவிட்டார். பொருளாளர் தனபால் மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் நாற்காலிகளைத் திரும்பத் திரும்ப வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

முதலில் மைக்கைப் பிடித்தவர் மோட்டார் பட்டறை கிருபாசங்கர். குழுவில் புலியாகப் பாய்ந்தவர். தாளைப் பிரித்தார், எதிர்வரிசையில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், “அம்மணி, நீங்க ஒரு தேசத்துரோகிங்க” என்று படித்தார். கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது. அவருக்கும் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தார்.

“என்ற பையன் மனோஜ் பட்டாளத்துல இருக்கறானுங்க. இந்தப் போர்டைப் பார்க்கறப்பெல்லாம் அவனை வேண்டாம்னு சொன்னாப்புல இருக்குதுங்க.”

உங்கள் தங்கை எழுந்தாள்.

“அது எனக்குத் தோணலீங்க. தோணியிருந்தா மொதல்ல உங்க ஊட்டுக்குத்தான் வந்திருப்பேன். ஆனா போர்டைக் கழட்ட மாட்டேனுங்க.”

“கழட்டச் சொல்லலீங்க. என்ற பால்கனியில என்ற போர்டையும் மாட்டோணும்.”

அவர் கையெழுத்தோ கோழிக் கிறுக்கல். அதனால் ‘பட்டாளத்தோட நிப்போமுங்க’ என்று அவருடைய போர்டையும் இவளே எழுதிக் கொடுத்தாள், அவர் இருக்கும் மூன்றாம் மாடியிலிருந்து ரோட்டுக்குத் தெரிய வேண்டும் என்று தன்னுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில். இரண்டு பேரும் கொள்கையில் இம்மியும் நகரவில்லை மச்சான், இன்று காலையில்கூடப் படிக்கட்டில் நின்று அரைமணி நேரம் வாதம். ஆனால் வாதம் காதுக்கு நன்றாக இருக்கிறது. தீர்மானத்தை யாரும் எடுக்கவேயில்லை. இன்னும் பேசாதவர்கள் பேசட்டும், அடுத்த ஞாயிறும் கூடுவோம் என்று கிருபாசங்கரே சொல்லிவிட்டார். டிவியில் பேசுகிறவர்களுக்கெல்லாம் இவள் ஒரு தட்டு வைத்து அழைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றிவிட்டது, பெருமையாகவும் இருந்தது. இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆகவே சீக்கிரம் வந்து புத்தி சொல்லவும். என்ன புத்தி என்று இப்போது எனக்கே புரியவில்லை, நீங்கள் வரும் வழியில் யோசித்துக்கொண்டு வாருங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்கள் தோட்டத்துக்குக் கடைமடை வரை தண்ணீர் பாயட்டும்.

இப்படிக்கு,
அங்கப்பன்

பி.கு.: கடுஞ்சொல் சொன்னதில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். பதினோரு செய்தி, பத்து வீடு என்றேன். அந்த விளம்பர ஆசை என்கிற பதினோராவது செய்தி சங்கத்துச் செல்போனிலிருந்து பேர் போடாமல் போனது. அந்தப் போன் பொருளாளர் கையிலும் இருக்கும் என்பதால் எல்லோரும் தனபால் என்று நினைக்கிறார்கள், பாவம், அவர் லிஃப்டில்கூடத் தலைகுனிந்து போகிறார். அது நான், மச்சான். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து எழுதினேன். அவளுக்குத் தெரியாது என்றுதான் இந்த நிமிஷம் வரை நினைத்திருந்தேன். இப்போது காப்பி கொண்டுவந்தாள். டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, அதில் வெற்றிலை, பாக்கு, பழம், பெரிய எழுத்தில் ஒரு தாள். “ஏனுங்க, ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வந்துருங்க” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அதனால் அவளுக்குப் புத்தி சொல்ல நீங்கள் வர வேண்டாம். நான் படிக்கும்போது பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும், அதற்கு வாருங்கள்.