நாவல்பழ ஜின்னுக்கு முன்அனுமதி

பெரம்பலூரில், பெயர் சொன்னால் வம்பு வரும் ஓர் அரசு அலுவலகத்தில், அனுமதிப் பிரிவின் தலைமை எழுத்தராக இருந்தார் திருவாளர் வேணுகோபால். 2006 ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, வீட்டில் ஜின்னில் நாவல்பழம் ஊறப்போடுவது என்று அவர் முடிவு செய்தார். குடிப்பதற்கு அல்ல. கூடலூருக்குப் போகாமல் இருப்பதற்கு.

அத்தனை தூரத்துக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. மகள் புவனேஸ்வரி அப்போதுதான் பிளஸ் டூ சேர்ந்திருந்தாள். உத்தரவை ரத்து செய்யச் சென்னையிலிருந்து வந்திருந்த புது அதிகாரியின் ஒரு கையெழுத்து போதும். அந்தக் கைக்கு வழி சொன்னவர் ஜீப் டிரைவர் தங்கராசு.

"அய்யாவுக்கு பிராந்தி வாசனையே ஆவாது சார். பழம் ஊறப்போட்ட ஜின்னுதான். அதுவும் வூட்ல செஞ்சதா இருக்கணும்."

சேதி பரவியது. அதுவரை குவார்ட்டரை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தவர்களெல்லாம் ஒரே வாரத்தில் கண்ணாடி ஜாடி வாங்கி, அன்னாசியும் மாதுளையும் மிதக்கவிட்டு, வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். குடிப்பழக்கம் கலாரசனை ஆகிவிட்டது.

வேணுகோபாலும் அதிகாரியை விருந்துக்கு அழைத்தார். ஆடி கடைசி ஞாயிறு வருவதாக அவர் ஒத்துக்கொண்டார். ஊறுவதற்கு இருபத்தொரு நாள் போதும். நாள் தாராளமாக இருந்தது.

ஆனால் மனுஷனுக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம் ஒன்று இருந்தது. ஜின் வாங்க அனுமதி வேண்டாம், பழம் பறிக்கவும் வேண்டாம். இரண்டும் ஒரே ஜாடியில் சேர்ந்தால்? தடை இல்லை என்பதாலேயே அனுமதி இருக்கிறது என்று ஆகிவிடுமா? விண்ணப்பம் எழுதினார். மறுநாள் காலை அலுவலகத்தில் தாமே அதைப் பெற்று முத்திரை குத்தினார். முதல் தடவையிலேயே எந்த விண்ணப்பத்தையும் அவர் ஏற்றதில்லை என்பதால், மரத்தின் சர்வே எண் குறிப்பிடப்படவில்லை என்று தமக்கே திருப்பி அனுப்பினார்.

"ஏங்க, பழத்தப் போட்டு மூடி வச்சா முடிஞ்சுது. யாரு கேக்கப் போறா?" என்றாள் மனைவி சிந்தாமணி.

"நானே கேப்பேன்."

மரம் குரும்பலூரில் இருந்தது. கிராம நிர்வாக அலுவலர் சாமிதுரை தலையைச் சொறிந்தார்.

"மரத்துக்குச் சான்று தரலாம் சார். பழம் கீழ விழுந்துடுச்சே, அதுக்கு எப்படித் தரது?"

"இந்த மரத்துப் பழந்தான்னு எழுதுங்க."

"விழுந்தத நான் பாக்கலியே."

நியாயமான ஆட்சேபணை. இருவரும் சனிக்கிழமை குடை பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றார்கள். 'மாலை 4.10க்கு ஒரு பழம், எவருடைய தூண்டுதலும் இன்றி, தானாக விழுந்தது' என்று பதிவானது.

அடுத்து அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபணையின்மைக் கடிதம். அதற்கு அடுத்து, ஜாடியின் கொள்ளளவுச் சான்று. எல்லாம் சரியாகி ஒப்புதல் கிடைத்தபோது ஊரில் நாவல்பழமே இல்லை. சீத்தாப்பழத்துக்குத் திருத்த விண்ணப்பம் போட்டார். பழைய அனுமதி பயன்படுத்தப்படாமல் இருக்கும்போது புதிய விண்ணப்பத்தை ஏற்க இயலாது என்று தமக்கே பதில் எழுதிக்கொண்டார்.

விருந்து நாள் வந்தது. ஜாடியில் வெறும் ஜின், தண்ணீராட்டம் தெளிவாக நின்றது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த புவனேஸ்வரியின் முகத்தைக் கண்டதும் வேணுகோபால் அலமாரியைத் திறந்தார். அறுபத்து நான்கு பக்கக் கோப்பை எடுத்து அதிகாரியின் முன் வைத்தார்.

அதிகாரி புரட்டினார். பன்னிரண்டாம் பக்கத்தில் கண் கலங்கினார்.

"தனக்கே அனுமதி மறுத்த மனுஷனை என் சர்வீஸ்ல பார்த்ததில்லைய்யா! உங்களையா கூடலூருக்கு அனுப்பறாங்க?"

மாற்றல் ரத்தானது. புவனேஸ்வரி தப்பித்தாள். ஊர்தான் மாட்டிக்கொண்டது. எந்தக் காயையும் பழத்தையும் எந்தத் திரவத்தில் ஊறப்போடவும் முன்அனுமதி தேவை என்று அடுத்த வாரமே அதிகாரி உத்தரவு போட்டார். உப்புத்தண்ணீரில் நெல்லிக்காய் போடுகிறவர்களும் அதில் அடக்கம். படிவங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு வேணுகோபாலுக்கு.

சிறுவாச்சூரிலிருந்தும் லப்பைக்குடிக்காட்டிலிருந்தும் சனங்கள் மூன்று நகலோடு பஸ் ஏறி வந்து நின்றார்கள். வரிசை பஸ் ஸ்டாண்டைத் தொட்டது.

"விடியக்காத்தாலேர்ந்து நிக்கிறோம், நீ பாட்டுக்கு நடுவுல நொழையற?" என்று ஓர் அம்மாள் கத்த, கைகலப்பாகி, பதினோரு மணிக்குச் சாலை மறியல். போலீஸ் வந்தது. கலைய மாட்டோம் என்று கொதித்து நின்ற கூட்டத்தின் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். இன்னொரு கவுண்டர் திறக்க வேண்டும்.