படிக்காதவை: பூஜ்யம்

வாத்தியார் படிக்க வேண்டியதை எல்லாம் யாரோ அவருக்கு முன்னால் படித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்த நாட்டின் தலைநகரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு அவருக்கென்று மிஞ்சியது கணினியில் இருந்த திரட்டி ஒன்றுதான். பிடித்த இணையதளங்களை ஒரு தடவை சேர்த்துவிட்டால் போதும், எதில் என்ன புதிதாக வந்தாலும் அது தானே கொண்டுவந்து கொடுத்துவிடும். கலங்கரை விளக்கங்கள், பழைய வரைபடங்கள், தேனீ வளர்க்கும் ஒருவர் எழுதுவது என்று பதினாறு தளங்கள் சேர்த்திருந்தார். 'படிக்காதவை' என்பதற்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைப் பார்க்கத்தான் அவர் தினமும் படுக்கையை விட்டு எழுந்தார்.

இன்று அங்கே பூஜ்யம்.

"என் கம்ப்யூட்டரைத் தொட்டியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

கடவுச்சொல்லை மாற்றினார். ஓர் எரிமலையின் பெயரைத் தலைகீழாகப் போட்டார். இனி எந்தக் கொம்பனாலும் முடியாது என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தால் மறுபடியும் பூஜ்யம். கொம்பன் வந்து போயிருந்தான்.

வந்தவன் சும்மாவும் போகவில்லை. பிடித்த கட்டுரைகளுக்கு நட்சத்திரக் குறி போட்டிருந்தான். வாத்தியார் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அத்தனையும் அவருக்கும் பிடித்திருந்தன. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ரசனை கெட்ட திருடனாக இருந்தால் நிம்மதியாகத் திட்டியாவது இருக்கலாம்.

போகட்டும், தேனீக்காரரிடம் ஒரு சந்தேகம் கேட்போம் என்று கட்டுரையின் அடிக்குப் போனார். ராணித் தேனீ செத்துப்போனால் மற்ற தேனீக்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்திருந்தார். அதே கேள்வி அங்கே ஏற்கெனவே இருந்தது, அவருடைய பெயரில்.

"நான் மனசுல நினைச்சதை எவனோ எழுதியிருக்கான்," என்றார் மனைவியிடம். "ஒரு எழுத்து மாறல."

"விடுங்களேன்," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "வாங்க, சாப்பிடலாம்."

முப்பது வருஷத்தில் ஒரு வாய்ச்சண்டையைக்கூட அவள் இப்படி விட்டுக்கொடுத்ததில்லை. வாத்தியாருக்குச் சந்தேகம் பலமாகிவிட்டது. அன்றே கணினி இருந்த பின்னறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே படுத்தார்.

காலையில் பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி பையில் இருந்தது. எண் மட்டும் பூஜ்யமாக இருந்தது.

"சாவியை எடுத்துட்டுத் திரும்ப வெச்சிருக்கே. நீதானே?"

அவள் மறுக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. அகப்பட்டுக்கொண்டவள் அழுகிற அழுகை இல்லை அது. இவள் இல்லை. தனக்கு முன்னால் எழுந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, தன்னுடைய நாளை வாழ்ந்து தீர்த்துவிட்டுப் போகிறவன் ஒருவன் இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். அவன் வைத்த மிச்சத்தைத் தின்பதுதான் தனக்கு வாய்த்திருக்கிறது.

ஃபோன் போட்டுக் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரை வரவழைத்தார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனார். எதையெதையோ திறந்து பார்த்தார்.

"வெளியாள் யாரும் நுழையல சார். எல்லாமே இந்தக் கம்ப்யூட்டர்லதான் படிச்சிருக்காங்க. தினமும் காலைல அஞ்சரைலேருந்து ஆறரை வரைக்கும்."

"அப்ப நான் தூங்கிட்டிருப்பேனே. அப்ப யாரு?"

ரிப்பேர்காரர் அறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தாள். வீடு தேடி வந்த மனிதரைக் குறுக்குவிசாரணை செய்கிறோமே என்று வாத்தியாருக்கே கூச்சமாகிவிட்டது.

"சரி, உங்களைச் சொல்லி என்ன," என்று சிரிக்கப் பார்த்தார். "ஃபோன்ல சொன்ன அடையாளத்தை வெச்சு வீட்டைக் கண்டுபிடிச்சிட்டீங்க. ரொம்ப அலைஞ்சீங்களோ?"

"இல்ல சார்," என்றார் ரிப்பேர்காரர், மெதுவாகப் பையை மூடிக்கொண்டே. "இந்த மாசத்துல நான் இங்க வர்றது இது நாலாவது தடவை."