ஊதுபத்தி அண்ணையும் ஐம்பது டிகிரியும்

ஊதுபத்தி அண்ணை அளவுக்கு என்னைக் கோபப்படுத்தக்கூடிய மனிதர் மொன்றியல் நகரில் இன்னும் பிறக்கவில்லை. பிறந்தாலும், எங்கள் வில்லரே வட்டாரக் கட்டடத்துக்குள் நுழையும் துணிவு அவருக்கு வராது.

நூறாண்டு கடந்த செங்கல் கட்டடம், ஆறு வாடகைக் குடும்பங்கள். நிலவறையில் எண்ணெயில் எரியும் பொயிலர். அது சூடாக்கும் நீர், ஒவ்வோர் அறையிலும் யானைக்குட்டியின் பருமனில் நிற்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டரில் ஓடும். பொயிலரைக் கவனிப்பவர் அண்ணை. கடைகளின் குளிர்பெட்டிகளைத் திருத்துவது அவர் தொழில். கட்டடத்தின் ஓட்டைகளைத் தேடி அடைப்பது அவர் பித்து.

தேடும் கருவி, எரியும் ஊதுபத்தி. புகை எங்கே சாய்கிறதோ அங்கே குளிர்காற்று நுழைகிறது. முதன்முறை அவர் வாசலில் நின்றபோது அம்மா கைகூப்பினார். மேல்மாடி மேரி அக்கா கதவை மறித்தார்.

"நாங்கள் வேதக்காரர், தம்பி. பூசை வேண்டாம்."

"காத்து வேதம், சைவம் பாத்தே உள்ளுக்கை வருது? தள்ளுங்கோ அக்கா."

ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பினால், மூன்று வாரம் நான் எழுதிய கட்டுரை என் யன்னல் இடுக்கில் செருகப்பட்டிருந்தது.

"அண்ணை, அது என்ரை கட்டுரை!"

"ஓம் பிள்ளை, வாசிச்சனான். நல்ல அடர்த்தி. பொட்டுக் காத்தும் வரேல்லை."

ஒரு மாதம் அவருடன் நான் பேசவில்லை.

அப்போதுதான் வீட்டுக்காரரின் கடிதம் வந்தது. எண்ணெய்ப் பொயிலரை அகற்றி, வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்தெடுக்கும் ஹீட் பம்ப் பொருத்துவாராம். அது நீரை ஐம்பது டிகிரி வரைதான் சூடாக்கும். பழங்கட்டடத்துக்கு அது போதாதாம். ஆகவே சுவர்களை உடைத்துப் புதுக்க, ஆறு குடும்பங்களும் ஓராண்டு வெளியேற வேண்டுமாம். அவ்வாறு வெளியேறியவர் எவரும் திரும்பி வந்ததை எங்கள் தெரு கண்டதில்லை. எண்ணெயைக் கைவிடுவது நல்ல காரியம். அந்த நல்ல காரியத்தின் பெயரால் மனிதரைத் துரத்துவது அயோக்கியத்தனம். இதைவிட மென்மையான சொல் என்னிடம் இல்லை.

தை மாதத்துக் கடுங்குளிரில், எங்கள் வரவேற்பறையில் கூட்டம். வீட்டுக்காரர் பிரெஞ்சில் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். "ஐம்பது டிகிரியில் நீங்கள் உறைந்துபோவீர்கள்," என்றார்.

அண்ணை எழுந்தார். "பிள்ளை, அவரைக் கேள், ஏன் கோட்டைக் கழட்டினவர் எண்டு."

கேட்டேன். இங்கே வெக்கையாக இருக்கிறது என்றார்.

"அப்ப சொல்லு. எண்பதிலை ஓடுற பொயிலர் ஏழு நாளா ஐம்பதிலைதான் நிக்குது."

வீட்டுக்காரர் எட்டி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். வெடித்தவர் மேரி அக்கா. "எங்களைக் கேளாமலோ? நாங்கள் என்ன, பிறிட்ஜிலை வைச்ச மீனோ?"

"கேட்டிருந்தா அண்டைக்கே குளிருது எண்டிருப்பியள்!" பிறகு அண்ணை என் பக்கம் திரும்பினார். "ஓட்டை எல்லாம் அடைச்சாச்சு. ரேடியேட்டர் பெரிசு, ஐம்பதே போதும். சுவரிலை கைவைக்கத் தேவையில்லை. ஆரும் வெளிக்கிடவும் தேவையில்லை. சொல்லு பிள்ளை."

சொன்னேன். அவர் சொல்லாத கடுமையான இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே சொன்னேன்.

ஆறு குடும்பங்களும் வெளியேற மறுத்தோம். வேறு வழியின்றி வீட்டுக்காரர் இறங்கிவந்தார். இலையுதிர்காலத்தில், பழைய ரேடியேட்டர்களோடே ஹீட் பம்ப் இணைக்கப்பட்டது. ஒரு சுவரும் உடையவில்லை.

ஹீட் பம்பின் வெளிப்பெட்டி இப்போது பின்சந்தில் நிற்கிறது. பனி கொட்டும் காலைகளில், அதைச் சுற்றிப் பனி அள்ள அண்ணை வெறுந்தலையுடன் இறங்குகிறார். வேறு எவரிடமும் குரல் உயர்த்திப் பேசியறியாத நான் யன்னலை அகலத் திறந்து கத்துகிறேன்.

"அண்ணை, தொப்பியைப் போடுங்கோ!"

"சூடெல்லாம் போகுது, யன்னலைச் சாத்து பிள்ளை!"

அவர் போடும்வரை நான் சாத்துவதில்லை.