வெஸ்ட் பார்க்கும் படலம்

ஸ்டோர்கீப்பர் கூடையைக் கவிழ்த்தார். உள்ளே இருந்தவை மேசைமேல் குவிந்தன. சேஃப்டி மேடம் அவற்றில் ஒன்றை மட்டும், செத்த எலியைத் தூக்குவதுபோல, இரண்டு விரலால் தூக்கினார்.

"இது என்ன?"

"நம்ம சைட் வெஸ்ட்தான் மேடம்."

"ஆரஞ்சு கலர்ல இருந்துச்சே?"

"அழுக்கு போயிடுச்சு மேடம்."

"அழுக்கோட சேர்ந்து எல்லாமே போயிருக்கு."

போய்த்தான் இருந்தது. கட்டட வேலையாட்கள் சட்டைமேல் மாட்டும் அந்தப் பாதுகாப்பு மேலங்கியின் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, காய்ச்சல்காரன் நாக்கு மாதிரி வெளுத்திருந்தது. விளக்கு பட்டால் மின்னி ஆளைக் காட்டிக்கொடுக்க வேண்டிய வெள்ளிப் பட்டைகள் உரிந்து சுருண்டு தொங்கின. வெந்நீர் ஆகாது, ப்ளீச் ஆகாது என்று கழுத்தோரத்துச் சீட்டில் போட்டிருந்ததாம். ஸ்டோர்கீப்பர் அதைத் தேடிப் படிக்கப் போனபோது சீட்டும் வெளுத்திருந்தது.

"உங்களை யார் துவைக்கச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. உண்மைக் காரணம் மேடத்திடம் சொல்லக்கூடியது அல்ல. வீட்டிலிருக்கும் வாஷிங் மெஷின் ஒரு குடும்பத்துக்காக வாங்கியது. மகளுக்குப் பிரசவம் பார்க்க "ஒரு மூணு மாசம்" என்று போன மனைவி, அந்தப் பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தும் திரும்பியபாடில்லை. ஒரு சட்டை, ஒரு பேன்ட், ஒரு துண்டு. இதைப் போட்டுச் சுழற்றினால் மெஷின் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல வீடு முழுக்க அலறும். அதன் வயிறு ஒரு நாளாவது நிறையட்டுமே என்றுதான் சைட் வெஸ்ட் அத்தனையையும் வாரிக்கொண்டு போனார். வயிறு நிறைந்தது. சத்தமும் நின்றது. வெஸ்ட்டுகளின் உயிரும் அதோடு நின்றுபோனது.

"புதுசுக்கு மாதிரி வரவழைங்க," என்றார் மேடம். "ஆளுங்களுக்குப் போட்டுப் பாருங்க. விதிப்படி இருக்கறதை நீங்களே தேர்ந்தெடுங்க. அதுவரைக்கும் பக்கத்து சைட்ல கடன் வாங்கிச் சமாளிக்கறேன். சரியான வெஸ்ட் இல்லாம ஒருத்தரும் மஞ்சக் கோட்டைத் தாண்டக் கூடாது. நீங்களும்தான்."

மஞ்சள் கோடு தகரத் தடுப்பின் வாசலில் இருந்தது. அதற்கு அப்பால் பெரிய குழி, கட்டடத்தின் அடித்தளம், இயந்திரங்கள், மனிதர்கள். ஸ்டோர்கீப்பரின் கன்டெய்னர் அறை கோட்டுக்கு இந்தப் பக்கம். நாலு அலமாரி, ஒரு கம்பி ஜன்னல், அந்த ஜன்னலில் முளைத்து மறையும் கைகள். கையுறை கேட்டு ஒரு கை வரும். கயிறு கேட்டு ஒரு கை வரும். சாமானை நீட்டுவார், "கையெழுத்து" என்பார், கை போய்விடும். தனக்கு 'கையெழுத்து' என்றே பட்டப்பெயர் என்பதும் அவருக்குத் தெரியும். கோபப்படலாம்தான். ஆனால் அதற்கும் எதிரில் ஒரு முகம் வேண்டாமா?

மாதிரிகள் வந்தன. கம்பி ஜன்னல் வழியாக வெஸ்ட்டை மாட்டிப் பார்க்க முடியாது. ஆகவே கதவைத் திறந்து ஆட்களை உள்ளே கூப்பிட்டார். நாலு பேர் வந்தார்கள். கிரேன் ஓட்டுகிற உச்சாணி, வெல்டர், லாரிகளுக்கு விசில் ஊதி வழிகாட்டும் விசில் அக்கா, குழியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்ப்காரர். நின்றுகொண்டே எப்படி? பெட்டிகளை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தவர்களுக்கு டீ இல்லாமல் எப்படி? கெட்டிலில் தண்ணீர் வைத்தார்.

முதல் மாதிரி பளீரென்ற மஞ்சள்பச்சை. விதியை வாத்தியார் மாதிரி விளக்கினார். "பட்டை ரெண்டு அங்குலம் அகலம் இருக்கணும். இடுப்பைச் சுத்தி முழு வட்டம், ரெண்டு தோள் மேலயும் பட்டை. எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் ஆள் தெரியணும்."

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு குடுங்கண்ணே," என்றாள் விசில் அக்கா. "பாத்திரம் கழுவற நேரத்துல எந்தப் பக்கம் பாத்தாலும் ஆள் தெரிய மாட்டேங்கறார்."

அறை சிரிப்பில் அதிர்ந்தது. தகரச் சுவர்கள் அந்தச் சிரிப்பை இரட்டிப்பாக்கித் திருப்பிக் கொடுத்தன. அதில் ஒரு குரல் தன்னுடையது என்று அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

பட்டை சரி. நிறம் சரி. ஜிப் சரி. 'இதுதான்' என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. சொல்ல வாயும் திறந்தார். பெட்டிகள் மேல் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்த நாலு பேரும் கண்ணில் பட்டார்கள். முடிந்துவிட்டால் இவர்களை எழுப்ப வேண்டும். கதவைச் சாத்த வேண்டும்.

"பட்டை லேசா கோணலா இருக்கோ?" என்றார்.

அடுத்தது ஆரஞ்சு. "கிரேன் ஆரஞ்சு, தடுப்பு வலை ஆரஞ்சு, நடுவுல ஆளும் ஆரஞ்சுன்னா தேடறதுக்குத் தனியா ஓர் ஆள் போடணும்" என்று அவரே தள்ளிவிட்டார். மூன்றாவதன் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. வெல்டரைத் தலைவழியாக உருவி எடுப்பதற்குள் அவர் காது இரண்டும் மிளகாய்ப் பழமாகிவிட்டன. "வெல்டிங் நெருப்பே என்னை ஒண்ணும் பண்ணதில்ல. பாதுகாப்பு வந்து காதை அத்துடும் போலிருக்கு!" என்று புலம்பினார்.

நாலாவது, இயந்திரத்தில் சிக்கினால் தானே கழன்று ஆளைக் காப்பாற்றும் ரகம். உச்சாணிக்கு மாட்டிவிட்டு, ஸ்டோர்கீப்பர் பின்னாலிருந்து பலமாக இழுத்தார். வெஸ்ட் கழலவில்லை. உச்சாணிதான் பெட்டியிலிருந்து கழன்று அலமாரிமேல் சாய்ந்தான். அலமாரி தன் பங்குக்குச் சாய்ந்தது. அளவு வாரியாக அடுக்கியிருந்த போல்ட்டும் நட்டும் ஒரே குவியலாகத் தரையில் கொட்டின.

"அவ்வளவு உயரத்துல உக்காந்து வேலை பாக்கறேன், ஒருநாள் விழுந்ததில்லண்ணே. உங்க ரூம்ல விழுந்தேன்," என்றான் உச்சாணி தரையிலிருந்தபடியே.

அன்று வேலை முடிந்தும் நாலு பேரும் சப்பணமிட்டு உட்கார்ந்து போல்ட் பொறுக்கினார்கள். வம்பு பேசினார்கள். ஒருவரையொருவர் வாரினார்கள். ஸ்டோர்கீப்பர் ஒரே நட்டை மூன்று தடவை தப்பான டப்பாவில் போட்டார், பொறுக்குகிற வேலை சீக்கிரம் தீர்ந்துவிடாமலிருக்க.

சப்ளையர் போனில் கத்தினார். "சார், பொண்ணு பாக்க வர்றவங்ககூட இத்தனை குறை சொல்ல மாட்டாங்க! உங்களுக்கு என்னதான் வேணும்?"

"இன்னொரு மாதிரி," என்றார் அவர்.

மனைவி போனில் கேட்டாள். "என்னங்க, குரல் இன்னிக்கு இவ்வளவு தெளிவா இருக்கு?"

"பேசிப் பேசிப் பழகிடுச்சு. ஆளுங்க வந்திருந்தாங்க, வெஸ்ட் போட்டுப் பாக்க."

"இன்னுமா முடியல?"

"அவசரப்பட முடியுமா? உயிர் விஷயம்."

"யாரோட உயிர்?" என்றாள்.

அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. கடன் வாங்கிய வெஸ்ட் எத்தனை பேருக்குக் காணும்? பின்னால் வரும் லாரி, வெஸ்ட் இல்லாத ஒரு முதுகு, ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாத ஓர் ஆள். அதுவும் யாருக்காக? தன்னோடு டீ குடிக்க நாலு பேர் வேண்டும் என்பதற்காக. சே, மனுஷனா நான்?

மறுநாள் அவர்கள் வந்ததும் முதல் மாதிரியை எடுத்து மேசைமேல் வைத்தார். "முடிவு பண்ணிட்டேன். இதுதான்."

நாலு டம்ளர்களும் கீழே இறங்கின.

"இருங்கண்ணே, என்ன அவசரம்?" என்று விசில் அக்கா அதை மாட்டிக்கொண்டு நெளிந்தாள். "தோள்ல உறுத்துதே."

"மேலருந்து பாத்தா கிளி உக்காந்த மாதிரி தெரியும்ணே," என்றான் உச்சாணி.

வெல்டர் இன்னும் மாட்டவேயில்லை. "எனக்கு இப்பவே அரிக்குது," என்றார்.

தனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்து ஸ்டோர்கீப்பருக்கே வெட்கமாக இருந்தது. "அப்படியா? அப்ப இன்னும் ஒரே ஒரு மாதிரி வரவழைச்சுப் பாக்கலாம்."

அவர்கள் வேலைக்குத் திரும்பிக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. குழியிலிருந்து அபாயச் சங்கு ஊளையிட்டது.

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார். மஞ்சள் கோட்டில் கால் தானாக நின்றது. சரியான வெஸ்ட் இல்லாமல் தாண்டக் கூடாது. திரும்பி அறைக்கு ஓடினார். எதைப் போடுவது? எது சரியானது? அவர்தானே இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை! கையில் கிடைத்ததையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டினார். பச்சை, அதன்மேல் ஆரஞ்சு, ஜிப் மாட்டிக்கொள்வது, கழலவே கழலாதது. கைகள் இரண்டும் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி விரைத்து நிற்க, சரிவுப் பாதையில் உருளாத குறையாக இறங்கினார். "யாருக்கு என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?"

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். மேடம் கையை உயர்த்தினார். "பயப்படாதீங்க, ஒத்திகைதான். உங்ககிட்ட சொல்ல விட்டுப்போச்சு."

கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆளுக்குச் சொல்ல யாருக்குத்தான் ஞாபகம் வரும்? மூச்சு வாங்க அவர் வரிசையைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றுவிட்டார். ஒருவர் விடாமல் எல்லார் மேலும் பளீரென்ற மஞ்சள்பச்சை. ரெண்டு அங்குலப் பட்டை, இடுப்பைச் சுற்றி முழு வட்டம், தோள்மேல் இரண்டு. அவர் கோணல் என்று தள்ளிவைத்த அதே முதல் மாதிரி. புத்தம் புதிதும் இல்லை. சேறும் கிரீஸும் ஏறி நன்றாகவே பழகியிருந்தன.

"மேடம், இது எப்ப...?"

"மொத மாதிரியே விதிப்படி சரியாத்தான் இருந்துச்சு. மறுநாளே நேரா குழிக்கே வாங்கியாச்சு," என்ற மேடம் அவசரமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

நாலு வெஸ்ட்டுக்குள் அவருக்கு வியர்த்தது. ஆக, தான் தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும் என்று இங்கே யாரும் காத்திருக்கவில்லை. தோள்ல உறுத்துது, கிளி மாதிரி இருக்கு, அரிக்குது. குழியே கூடிச் சிரித்திருக்கும்.

"அப்ப தினமும் இதைக் கழட்டி வெச்சுட்டு என் ரூமுக்கு வந்தீங்களா?" என்று கேட்டார். "எதுக்கு? என்னை வெச்சு விளையாடவா?"

உச்சாணி அண்ணாந்து கிரேனைப் பார்த்தான். வெல்டர் முகமூடியை இறக்கிக்கொண்டார். விசில் அக்கா விசிலை வாயில் வைத்தாள், ஊதவில்லை.

வரிசையின் கடைசியிலிருந்து பம்ப்காரர்தான் பதில் சொன்னார்.

"வெஸ்ட்டோட வந்தா ஜன்னல்லயே அனுப்பிடுவீங்கண்ணே. இல்லாம வந்தாத்தான் உள்ள கூப்பிட்டு உக்காரச் சொல்றீங்க."