நிலையானவர் நாட்டிய அடிக்கல்

அரசியலில் கொள்கை உறுதி இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால், அதற்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பவர் நம் 'நிலையானவர்' ஒருவர்தான். கட்சி மாறுகிறார், கட்சி மாறுகிறார் என்று வாய்க்கு வந்தபடி பேசுகிறார்களே, அவர்களுக்கு விவரம் போதாது. அவர் எங்கே மாறினார்? பஸ் ஸ்டாப் மாதிரி நின்ற இடத்திலேயே நின்றார். கட்சிகள்தான் வந்து வந்து போயின.

அவருடைய வாக்குறுதியும் மாறியதே இல்லை. தொகுதிக்கு ஒரு ஆஸ்பத்திரி! எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் முதல் வேலையாகப் புதுத் தலைவரைக் கூட்டிவந்து, சந்தைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் அடிக்கல் நாட்டிவிடுவார். மக்களும் சளைக்காமல் கை தட்டுவார்கள். அப்புறம் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறுவார்கள்.

இந்த முறை விஷயம் பெரிது. சேர்ந்திருப்பது ஆளுங்கட்சி. விழா நல்லபடியாக முடிந்தால் மந்திரி பதவி என்று மேலிடத்தில் ஜாடை காட்டியிருந்தார்கள். நிலையானவருக்குச் சோறு இறங்கவில்லை.

விழாவன்று காலையில் மனைக்கு வந்தவருக்குப் பகீரென்றது. பழைய அடிக்கற்களில் ஒன்றைக்கூடக் காணோம்.

"கல்லெல்லாம் எங்கடா?"

மைத்துனர் பெருமையாகச் சிரித்தார். விழா ஏற்பாடெல்லாம் எப்போதும் அவர்தான். "பழைய தலைவருங்க பேரோட அதெல்லாம் நட்டுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும் மாமா? குப்புறப் போட்டு மேடைக்குப் படி கட்டிட்டேன். செலவும் மிச்சம்!"

நிலையானவருக்கு உச்சி குளிர்ந்தது. எதிரிகளின் புகழை ஆளுங்கட்சியின் காலடியில் கொண்டுவந்து போடுவதென்றால், அது ஒரு 'சித்தாந்த வெற்றி' அல்லவா! பிறகுதான் நடுப்படியில் மங்கிப்போன எழுத்து தெரிவதைக் கவனித்தார்.

"ஒண்ணு மல்லாந்து கிடக்கேடா!"

"அதையும் குப்புறத்தானே போட்டேன் மாமா?"

"அடப்பாவி! அது ரெண்டு பக்கமும் எழுதின கல்லு. புதுக் கல்லு எதுக்கு, பழசோட முதுகுலயே எழுதிக்கலாம்னு அன்னைக்குச் சிக்கனம் பார்த்தியே, அது!"

"ஆமாம்ல..."

"என்ன ஆமாம்ல? திருப்பிப் போடுடா!"

"திருப்பினா அந்தப் பக்கத்து ஆளு பேரு மேல வருமே மாமா."

ஒரு துணியாவது போட்டு மூடு என்று அவர் சொல்வதற்குள் சைரன் கேட்டுவிட்டது.

தலைவர் காரை விட்டு இறங்கினார். படியேறினார். நடுப்படியில் நின்றார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து எழுத்துக் கூட்டி வாசித்தார். நிலையானவர் கண்ணை மூடிக்கொண்டார். மந்திரி பதவி போச்சு. அடுத்து எந்தக் கட்சிக்குப் போகலாம் என்று மனசு பழக்க தோஷத்தில் தேட ஆரம்பித்தது. போகாத கட்சி ஒன்றுகூடப் பாக்கியில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாவம், அழுகையே வந்துவிட்டது.

"இது என் பேருல்ல?" என்றார் தலைவர்.

அட, ஆமாம்! தலைவரும் ஒரு காலத்தில் வேறொரு கட்சியில் இருந்தவர்தான். இதே மனைக்கு வந்து, இதே ஆஸ்பத்திரிக்குக் கல் நட்டவர்தான். நட்டவருக்கும் ஞாபகமில்லை, நடவைத்தவருக்கும் ஞாபகமில்லை.

"அப்பவே நட்டிருக்கேன் பாருய்யா! என்ன ஒரு தொலைநோக்கு எனக்கு!" தலைவர் நிலையானவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை நாளா என் பேரைப் பத்திரமா வெச்சிருந்திருக்கீங்க. நீங்கதான்யா சுகாதார மந்திரி!"

கூட்டம் கை தட்டியது. தலைவர் மேடையேறி இன்னொரு கல்லை நாட்டினார். மருத்துவத் துறை கண்ட வளர்ச்சி குறித்து நீளமாகப் பேசினார். இறங்கும்போது, மெருகேற்றிய அந்த நடுப்படியில் செருப்பு வழுக்கி, கால் பிசகி, கல்லின்மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது.

"ஐயோ அம்மா! ஆஸ்பத்திரி எங்கய்யா இருக்கு? சீக்கிரம் சொல்லித் தொலைங்கய்யா!"

புது சுகாதார மந்திரி மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் வானத்தைப் பார்த்தார். முன்வரிசையில் காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்திருந்த பழக்காரம்மாதான் எழுந்து, ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னாள்:

"நீங்க உக்காந்திருக்கீங்களே ஐயா, அதுதான்."